காம்பாக்ட் கேமராவுக்கு எந்த ட்ரைபாட்?

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். கையில் கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3. டிசம்பரில் அப்பா அம்மாவோடு ஹம்பி, பொங்கலுக்குத் தஞ்சாவூர். ஒரு கிலோவுக்குள், ஐந்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு ட்ரைபாட் வேண்டும். பார்த்து வைத்திருப்பவை இரண்டு. ஒன்று, 'பத்து கிலோ தாங்கும், 170 செ.மீ. உயரம்' என்று பெட்டியில் போட்டிருக்கும் ஐந்தடுக்குக் கால் ஸ்டாண்ட். இன்னொன்று, செல்ஃபி ஸ்டிக்காகவும் ஸ்டாண்டாகவும் விரிகிற குச்சி. எதை வாங்கலாம் என்பது கேள்வி. கூடவே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "எல்லா ஊர்ப் படத்திலும் அப்பா அம்மா மட்டும்தான் இருக்கிறார்கள், நான் இல்லை." அந்த வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. இருட்டில் அசையாத படம் வேண்டும், மூன்று பேரும் சேர்ந்து நிற்கும் படமும் வேண்டும். இந்த இரண்டுக்கும் எதைச் சுமந்துகொண்டு போவது? அதற்குப் பதில் சொல்கிறேன்.

சிவாஜிநகர் பக்கம் கேமரா சர்வீஸ் மேசையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். விடுமுறை நாளில் நானும் பையைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்கக் கிளம்பிவிடுவேன். மற்ற நாட்களில், ஸ்டாண்டில் இருந்து விழுந்து வந்த கேமராவைத் திறந்து பார்ப்பேன். அதனால் ட்ரைபாடின் இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம். வீடியோவுக்கான ஹெட், கிம்பல் போன்றவை என் வேலை அல்ல, அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை. நான் சொல்வதெல்லாம் நின்ற படத்துக்கு மட்டும்.

முதலில் அந்தக் குச்சி வேண்டாம். மொபைலுக்கு அது போதும். உங்கள் கேமராவுக்கு ஆபத்து. மூடியிருக்கும்போது அழகாக இருக்கும், விரித்தால் ஒரு மீட்டர் உயரத்துக்கு மெல்லிய குழாய் நிற்கும், கீழே கால்களின் விரிவு ஒரு சாணுக்குச் சற்று மேல் இருக்கும். பாரம் முழுவதும் உச்சியில். சாயங்காலக் காற்று ஒன்று அடித்தால் போதும். போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு காம்பாக்ட் கேமரா அப்படித்தான் என் மேசைக்கு வந்தது. கடற்கரையில் குச்சியோடு சாய்ந்திருக்கிறது, அதுவும் லென்ஸ் வெளியே நீட்டியிருந்த நிலையில். இந்த வகைக் கேமராவில் லென்ஸ் குழல் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு அடுக்கும் மிளகை விடச் சின்ன முளைகளில், பள்ளம் வெட்டிய பாதையில் ஏறி இறங்கும். முன்பக்கம் தரையில் குத்தினால் முளை பாதையை விட்டு வெளியே வந்துவிடும். அப்புறம் ஆன் பண்ணினால் கர்ரென்று ஒரு சத்தம், லென்ஸ் எரர். பிரித்து முளையைத் திரும்பப் பாதையில் உட்கார வைக்கலாம். ஆனால் ஒரு முளை உடைந்திருந்தால் லென்ஸ் தொகுதியையே மாற்ற வேண்டும். அந்தச் செலவில் நல்ல ட்ரைபாட் இரண்டு மூன்று வாங்கிவிடலாம். அந்தக் கேமராவைக் கொண்டுவந்த பெண்ணிடம் தொகையைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருந்தது. உங்களுக்கு அப்படி நேர வேண்டாம்.

அடுத்து 'பத்து கிலோ தாங்கும்'. எடை தாங்கும் கணக்குக்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட ஒரே சோதனை முறை கிடையாது. ஒருவர் கால் உடையாமல் நிற்பதைக் கணக்கில் எடுப்பார், இன்னொருவர் ஹெட், அதாவது கேமரா உட்காரும் மேல் பகுதி, நழுவாமல் பிடிப்பதை எடுப்பார். ஆகவே ஒரு பெட்டியில் இருக்கும் எண்ணை இன்னொரு பெட்டியின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயன் இல்லை. அதை விட முக்கியம், உங்கள் கேமரா பேட்டரியோடு சேர்த்தே 304 கிராம்தான். அரைப் படி அரிசி அளவுக்குக்கூட எடை இல்லை. இதைத் தாங்காத ட்ரைபாடே கடையில் கிடையாது. உங்களுக்கு வேண்டியது தாங்கும் சக்தி அல்ல, விறைப்பு. தொட்டால் ஆடக்கூடாது, ஆடினாலும் சட்டென்று நிற்க வேண்டும். இதைப் பெட்டியில் எங்கேயும் போட மாட்டார்கள்.

விறைப்பு எங்கே இருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி விஷயம் முடிந்தது. காலில் இருக்கும் குழாயைப் பாருங்கள். சுவர்க் கனம் ஒன்றாக இருந்தால், விட்டம் பாதியாகும்போது விறைப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். நீளம் இரட்டிப்பானாலும் அப்படித்தான், அதே விசைக்கு வளைவு எட்டு மடங்கு. மூங்கில் கொம்பை நடுவில் பிடித்து ஆட்டுவதற்கும் அடியில் பிடித்து ஆட்டுவதற்கும் உள்ள வித்தியாசம். ஐந்தடுக்குக் கால் என்றால், ஒன்றுக்குள் ஒன்று நுழைய வேண்டுமே, கடைசி அடுக்கு பென்சில் போல மெலிந்துதான் வரும். மேலே தடிமனாகத் தெரியும் கால், தரையைத் தொடும் இடத்தில் பென்சிலாக நிற்கிறது. ஒவ்வொரு பூட்டும் ஒரு மூட்டு, மூட்டு கூடினால் ஆட்டமும் கூடும். அதனால் ஐந்தடுக்கை விட நான்கடுக்கு நல்லது. மடித்தால் நாலு விரல் நீளம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். லேப்டாப் பை வைத்திருக்கிறீர்கள் என்றால் 40 செ.மீ. ட்ரைபாட் பக்கவாட்டுப் பையில் தாராளமாக நிற்கும்.

இப்போது 170 செ.மீ. உயரத்துக்கு வருகிறேன். அது உங்களுக்கு எதற்கு? கண் உயரம் வேண்டும் என்று ட்ரைபாட் தயாரிப்பவர்கள் துரத்துவது, கண்ணை வியூஃபைண்டரில் வைத்துப் பார்ப்பவர்களுக்காக. உங்கள் கேமராவில் வியூஃபைண்டரே கிடையாது. திரைதான், அதுவும் மேலே 180 டிகிரி திரும்பும். நெஞ்சு உயரத்தில் கேமராவை வைத்து, திரையைக் கொஞ்சம் சாய்த்துக் குனிந்து பார்த்தால் போதும். குடும்பப் படத்துக்கும் அதுதான் சரியான உயரம். தலை முதல் கால் வரை எடுக்கும் படத்தை ஆறடி உயரத்தில் இருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் விழும், அகலக் கோணத்தில் இன்னும் மோசம். இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் கேமரா இருந்தால் ஆட்கள் ஆட்களாகத் தெரிவார்கள். பழைய ஸ்டூடியோக்காரர்கள் நம் தாத்தா பாட்டியை உட்கார வைத்து எடுத்த படங்களைப் பாருங்கள், கேமரா பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருந்திருக்கும். ஆகவே 110 முதல் 120 செ.மீ. போதும். அந்த உயரம் நடுத்தண்டைத் தூக்காமலே கிடைக்க வேண்டும், இது முக்கியம்.

நடுத்தண்டு பற்றி ஒரு வார்த்தை. மூன்று கால் மேல் ஒரு ஒற்றைக் கால் நட்டது போலத்தான் அது. கால்கள் கொடுத்த உறுதியை அது தின்றுவிடும். பெட்டியில் சொல்லும் உயரத்தில் கடைசி 25, 30 செ.மீ. அந்தத் தண்டுதான். கடைக்காரரிடம் "தண்டு தூக்காமல் எவ்வளவு உயரம்?" என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் டேப் எடுத்து அளந்து பாருங்கள்.

எடையில் உங்கள் வரம்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள் என்று கேட்பேன். பேர்போன பயண ட்ரைபாட்களே ஒரு கிலோவுக்குள் இல்லை. மான்ஃப்ரோட்டோ பிஃப்ரீ அட்வான்ஸ்டு அலுமினியம் சுமார் ஒன்றரைக் கிலோ, மடித்தால் 40 செ.மீ. பீக் டிசைன் 2019-ல் கிக்ஸ்டார்ட்டரில் கொண்டுவந்த டிராவல் ட்ரைபாட், அலுமினியத்தில் 1.56 கிலோ, கார்பனில் ஏறக்குறைய 1.3 கிலோ. அது அருமையான பொருள், ஆனால் விலை உங்கள் பட்ஜெட்டைப் போலப் பல மடங்கு. அவையெல்லாம் பெரிய கேமராவையும் நீள லென்ஸையும் மனதில் வைத்துச் செய்தவை, உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் 1.1, 1.2 கிலோ வரை போனால் ஐந்தாயிரத்துக்குள்ளேயே நான்கடுக்கு அலுமினியக் கால் கிடைக்கும். 800 கிராமில் 170 செ.மீ. என்று யாராவது கொடுத்தால், அந்த மிச்சம் பிடித்த எடை குழாய்ச் சுவரில் இருந்துதான் போயிருக்கும். கார்பன் ஃபைபர் கேட்டால்: நல்லதுதான், அதே விறைப்புக்கு எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும். ஆனால் இந்த அளவு ட்ரைபாடில் மிச்சமாவது கால் கிலோதான். உங்கள் பட்ஜெட்டில் வரும் மலிவு கார்பனை விட ஒழுங்கான அலுமினியம் மேல்.

சரி, இப்போது ஹம்பியும் தஞ்சையும். இதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள், ஆனால் உங்கள் பயணத்தில் இதுதான் தீர்மானிக்கும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் கேமரா கொண்டுபோகலாம், ட்ரைபாட் விரிக்க முன் அனுமதி வேண்டும். ஹம்பி விட்டலர் கோயிலும் அந்தக் கணக்கில் வரும், தஞ்சைப் பெரிய கோயிலும் வரும். விட்டலர் கோயில் கல் தேருக்கு எதிரே நான் காலை விரித்து மூன்றாவது பூட்டை இறுக்கவில்லை, காவலர் வந்து "சார், ஸ்டாண்ட் ஹாக்பேடி" என்றார், ஸ்டாண்ட் போடாதீர்கள் என்று கன்னடத்தில். கோபமாகச் சொல்லவில்லை, தினமும் நாற்பது தடவை சொல்கிற குரல். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். ஒவ்வொரு வாசலிலும் காவலர் ஒரே மாதிரி நடந்துகொள்வார் என்று சொல்ல முடியாது. சில இடங்களில் பையில் இருப்பதைக் கண்டாலே வெளியே வைக்கச் சொல்வார்கள், சில இடங்களில் கண்டுகொள்ள மாட்டார்கள். விதி மட்டும் நிச்சயம். அதை நம்பித் திட்டம் போடுங்கள். முழு ட்ரைபாட் உங்களுக்கு உதவப்போவது மாதங்க மலை உச்சி, துங்கபத்திரைக் கரை, தங்கும் விடுதி மொட்டை மாடி போன்ற இடங்களில்தான்.

தஞ்சை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1802-ல் சென்னையில் இருந்து இந்தியாவை அளக்கத் தொடங்கிய லாம்டன், 1808-ல் கோணம் அளக்கும் தன் அரை டன் தியோடோலைட் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்கு ஏற்றப் பார்த்தார். சமவெளியில் தூரத்துக் குறி தெரிய உயரம் வேண்டும். பாதியில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் பெரிய வட்டத் தகடு நெளிந்துவிட்டது. பல வாரம் தனியாக உட்கார்ந்து அதைத் தன் கையாலேயே நிமிர்த்தி, திரும்ப வேலைக்குக் கொண்டுவந்தார். ரிப்பேர் மேசையில் உட்காரும் எனக்கு அந்த மனிதர் மேல் தனி மரியாதை. அவருக்கு உயரம் இல்லாமல் வேலை நடக்காது. நமக்கு நடக்கும்.

கோயிலுக்குள் என்ன செய்வது? ஒரு கைப்பிடி ட்ரைபாட், அதாவது மேசை மேல் வைக்கும் சின்ன முக்காலி. அதுவும் ட்ரைபாட்தான், காவலர் மறுத்தால் மறுத்ததுதான், வாதம் செய்யாதீர்கள். ஆனால் காலை மடித்துக் கையில் பிடி போலப் பிடித்து, முழங்கையை விலாவில் ஒட்டி, முதுகைச் சுவரில் சாய்த்து எடுத்தால் கால் நொடி வரை நன்றாகவே விழுகிறது. மான்ஃப்ரோட்டோ பிக்ஸி இந்த வகையில் நான் மனதார நம்பும் ஒன்று. ஏறக்குறைய 190 கிராம், ஒரு கிலோ வரைக்கான வடிவமைப்பு, பட்டனை அழுத்தினால் பந்து தளரும், விட்டால் பிடித்துக்கொள்ளும். வளைந்து சுற்றிக்கொள்ளும் கால் உள்ள ஜோபி கொரில்லாபாடில் 1கே என்ற அளவு உங்களுக்குப் போதும். கம்பி வேலி, கைப்பிடிச் சுவர், மரக்கிளை இவற்றில் அதைக் கட்டலாம். ஒரு குறை, இரண்டு மூன்று வருடத்தில் மணி மணியான அந்த மூட்டுகள் தளரும், ஒன்று கழன்றுகொள்ளத் தொடங்கினால் அதைக் கேமராவோடு மேலே தொங்கவிடக் கூடாது. கட்டினாலும் கேமராவின் கைவாரை எதிலாவது மாட்டிவிட்டுத்தான் விலக வேண்டும்.

இன்னொரு சாமான் இருக்கிறது, காசே இல்லை. பழைய வேட்டித் துணியில் உள்ளங்கை இரண்டு அளவுக்கு ஒரு பை தைத்து, முக்கால் பங்கு மட்டும் ராஜ்மா அல்லது மொச்சை நிரப்பித் தைத்துவிடுங்கள். அரைக் கிலோ வரும். முழுக்க நிரப்பினால் உருளும், முக்கால்தான் சரி. ஹம்பியின் உருண்டைப் பாறை மேல் எந்தக் குட்டி ட்ரைபாடின் காலும் வழுக்கும், இந்தப் பை பாறையோடு ஒட்டி உட்காரும். அதில் ஒரு குழி அமுக்கி, கேமராவின் அடியைப் புதைத்து, டைமர் போட்டால் எட்டு நொடிப் படம் கல் மாதிரி நிற்கும். இதுவரை எந்தக் காவலரும் என் பருப்புப் பையை ஸ்டாண்ட் என்று சொன்னதில்லை.

ஹெட், பிளேட் விஷயத்துக்கு வருகிறேன். பிளேட் என்பது கேமராவின் அடியில் திருகி, ஹெட்டில் மாட்டும் தகடு. என் மேசைக்கு வரும் கேடுகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன. கேமராவின் அடியில் இருக்கும் மரை கால் அங்குலம், அங்குலத்துக்கு இருபது மரை. இன்று சாதாரணமாகப் புழங்கும் கேமராக்களுக்கெல்லாம் இதுதான். அளவு ஒன்றே என்றாலும், மலிவு பிளேட்டுகளில் ஸ்க்ரூ சில நேரம் தேவைக்கு மேல் நீளமாக வருகிறது. காம்பாக்ட் கேமராவில் மரைக் குழி ஆழம் குறைவு. ஸ்க்ரூ குழியின் அடியைத் தொட்டுவிடும், ஆனால் பிளேட் இன்னும் உடலை ஒட்டியிருக்காது. லூஸாக இருக்கிறதே என்று காசை வைத்து இன்னொரு சுற்றுத் திருகுவீர்கள். அங்கேதான் அடித்தகடு விரிசல் விடும், அல்லது மரை பிடுங்கிக்கொண்டு வரும். புதுப் பிளேட்டை முதல் தடவை விரல்களால் மட்டும் திருகிப் பாருங்கள். நின்ற பிறகும் இடையில் வெளிச்சம் தெரிந்தால் அந்த ஸ்க்ரூ உங்களுக்கானது இல்லை, வேறு ஸ்க்ரூ போடுங்கள், அல்லது நடுவில் ஓட்டை போட்ட மெல்லிய ரப்பர் ஷீட் வையுங்கள். இன்னொன்று, பல காம்பாக்ட்களில் பேட்டரிக் கதவு மரைக்குப் பக்கத்திலேயே இருக்கும், லென்ஸ் வளையமும் அடி விளிம்புக்கு வெகு அருகில் இருக்கும். பெரிய பிளேட் போட்டால் கதவு திறக்காது, வளையம் உரசும். கேமராவைக் கடைக்குக் கொண்டுபோய், பிளேட் மாட்டிய பிறகு கதவைத் திறந்து பார்த்து, வளையத்தைச் சுற்றிப் பார்த்து வாங்குங்கள். முடிந்தால் ஆர்கா வகைப் பிளேட் பிடிக்கும் ஹெட் எடுங்கள். ஓரம் சரிவாக வெட்டிய, 38 மி.மீ. அகலப் பிளேட் அது. நாளைக்குக் கேமரா மாறினாலும் பிளேட் எங்கேயும் கிடைக்கும். தனக்கென்று ஒரு வடிவில் பிளேட் கொடுக்கும் மலிவு ஸ்டாண்டுகளில், அந்தப் பிளேட் தொலைந்தால் ஸ்டாண்டே வீண்.

கடையில் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். எல்லாக் காலையும் முழுக்க நீட்டிப் பூட்டுங்கள், நடுத்தண்டு கீழேயே இருக்கட்டும். மேல் தலையை இரண்டு கையாலும் பிடித்து, துணி பிழிவது போல மெதுவாக முறுக்குங்கள். கால்கள் சுழல்வது போல ஆடினால் தோள் மூட்டு பலவீனம். அங்கே இருக்கும் போல்ட்டை அல்லன் கீயால் இறுக்க வழி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் நல்ல அறிகுறி. அடுத்து ஒவ்வொரு காலாக மேலிருந்து கீழே அமுக்குங்கள், பூட்டு நழுவக் கூடாது. பிறகு கேமராவை மாட்டி, பெரிய ஜூமில் எதிர்ச் சுவரில் உள்ள எழுத்து எதையாவது திரையில் கொண்டுவந்து, ஒரு காலை விரலால் சுண்டுங்கள். எழுத்து ஆடும். மனசுக்குள் எண்ணுங்கள். ஒன்று, இரண்டு என்பதற்குள் நின்றால் எடுத்துக்கொள்ளலாம். நான்கு ஐந்து வரை ஆடிக்கொண்டே இருந்தால் பெட்டியை மூடிக் கொடுத்துவிடுங்கள். இது ஆய்வுக்கூடச் சோதனை அல்ல, என் பழக்கம். ஆனால் இதில் தோற்ற ட்ரைபாட் எதுவும் வெளியே போய் நல்ல பெயர் வாங்கி நான் பார்த்ததில்லை. இதனால்தான் ஆன்லைனை விட நேரில் வாங்கச் சொல்கிறேன்.

வாங்கிய பிறகு பயன்படுத்தும் விதத்திலும் கொஞ்சம் இருக்கிறது. காலை நீட்டும்போது தடித்த அடுக்கில் இருந்து தொடங்குங்கள், கடைசி மெல்லிய அடுக்கை உள்ளேயே விட முடிந்தால் விடுங்கள். சரிவில் நிறுத்தினால் சர்வேக்காரர்கள் முறை: இரண்டு கால் பள்ளப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம். காற்று அடித்தால் பையை நடுத்தண்டில் மாட்டுங்கள், ஆனால் பை தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொங்கி ஆடும் பை இல்லாத ஆட்டத்தையும் கொண்டுவரும். ட்ரைபாடில் வைத்தவுடன் மெனுவில் பட நிலைப்படுத்தலை ஆஃப் பண்ணுங்கள், அசையாத கேமராவில் அது தானாக அலைந்து படத்தைக் கெடுக்கும். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 நொடி டைமர் போடுங்கள். காம்பாக்டில் கண்ணாடி மேலே போய் அடிப்பது கிடையாது, லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டரும் மென்மையானது. ஆகவே உங்கள் எதிரிகள் விரலும் காற்றும் தரையும்தான். தரை என்று சொல்வது பெங்களூர்க்காரர்களுக்குப் புரியும். ஸ்கைவாக் மேல் நின்று கீழே ஓடும் வண்டி விளக்குகளை எடுக்கும்போது பக்கத்தில் நாலு பேர் நடந்தால் பாலமே துள்ளும். எந்த ட்ரைபாடும் அதற்கு உதவாது. ஆள் போன பிறகு எடுக்க வேண்டியதுதான்.

ஹம்பியில் இரவு வானம் எடுக்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். டிசம்பர் இரவில் பால்வீதியின் நடுப்பகுதி கிடைக்காது, அதற்கு மார்ச்சுக்கு மேல் வர வேண்டும். ஆனால் மார்கழித் திருவாதிரை இருக்கிறதே. கிழக்கே ஒரியன் கூட்டத்தின் தோளில் செம்மையாக நிற்கும் விண்மீன். 24 மி.மீ. அகலத்தில், எஃப் 1.8, ஐ.எஸ்.ஓ. 3200, இருபது நொடி. ஐந்நூறைக் குவிய நீளத்தால் வகுத்தால் வரும் நொடி அளவு வரை விண்மீன் கோடாக இழுபடாது என்பது பழைய கைக்கணக்கு, 24-க்கு ஏறக்குறைய 20 வரும். பெரிதாக்கிப் பார்ப்பீர்கள் என்றால் 13 நொடி வைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஆற்றோரம் போனால் உங்கள் கேமராவிலேயே இருக்கும் என்.டி. ஃபில்டரை ஆன் பண்ணுங்கள். மூன்று ஸ்டாப், அதாவது வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகும். பாறை இடுக்கில் ஓடும் தண்ணீர் பட்டுத் துணி போல விழும்.

இப்போது குடும்பப் படம். கஸ்டம் டைமரில் பத்து நொடி, ஐந்து படம் என்று வையுங்கள். முதல் படத்தில் நீங்கள் ஓடி வந்து மூச்சு வாங்குவீர்கள், இரண்டாவதில் அம்மா சேலையைச் சரி செய்வார், நான்காவது ஐந்தாவதில்தான் மூன்று பேரும் தங்கள் முகத்தோடு இருப்பீர்கள். பெற்றோரை முதலில் நிற்க வைத்து ஃபோகஸ் பண்ணிவிட்டு, அவர்கள் பக்கத்தில் உங்களுக்கான இடத்தில் ஒரு செருப்பையோ பையையோ அடையாளமாக வையுங்கள். போனில் கேனான் செயலி வழியாகவும் ஷட்டரை இயக்கலாம், ஆனால் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் படமாகிவிடும். டைமர்தான் எனக்குப் பிடித்தது. கூட்டமான இடத்தில் ட்ரைபாடை விட்டுப் பத்தடிக்கு மேல் தள்ளிப் போகாதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த ஐந்தாயிரத்தை இப்படிச் செலவழிப்பேன். முதலில் கைப்பிடி அளவுக் குட்டி ட்ரைபாட் ஒன்று, பிக்ஸி அல்லது அதற்கு ஈடானது. இது எப்போதும் பையில் இருக்கும். மிச்சப் பணத்தில் நான்கடுக்கு அலுமினியம், தண்டு தூக்காமல் 110 செ.மீ.க்குக் குறையாதது, மடித்தால் 40 செ.மீ., 1.2 கிலோவுக்குள். அதற்குப் பணம் இடிக்கிறது என்றால் பெரியதை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள், ஆடும் ஒன்றை வாங்காதீர்கள். ஹம்பிக்குக் குட்டி ட்ரைபாடும் பருப்புப் பையுமே போதும். குடும்பப் படத்துக்குத்தான் உயரம் இல்லையே என்று நினைக்காதீர்கள், இடுப்பு உயரத்தில் மண்டபத் திண்ணையும் பாறையும் இல்லாத இடம் ஹம்பியில் எங்கே இருக்கிறது? செகண்ட் ஹேண்ட் கிடைத்தால் தயங்க வேண்டாம், ட்ரைபாடில் எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை, மேலே சொன்ன முறுக்கும் சோதனையில் தேறினால் இன்னும் பத்து வருடம் ஓடும். அடி ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் வீட்டு மொட்டை மாடியில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு தடவை முழுக்கச் செய்து பாருங்கள். காலை நீட்டுவது, பிளேட் மாட்டுவது, டைமர் வைப்பது எல்லாம் திரையைப் பார்க்காமல் கை தானாகச் செய்ய வேண்டும். ஹொசப்பேட்டையில் ரயில் விட்டிறங்கி, விடிவதற்கு முன் மலை ஏறி, குளிரில் விரல் மரத்திருக்கும்போது அப்பா "ஆச்சா?" என்று கேட்பார். அப்போது பூட்டு எந்தப் பக்கம் திருகும் என்று தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.